காலத்தை அளக்கும் சிறு சொற்கள்



சென்ற இதழில் ஆங்கிலத்தில் இடத்தைக் குறிக்கும் முன்னிடைச் சொற்களைப் பார்த்தோம். மேசையின் மேல், பெட்டியின் உள், வீட்டின் அருகில் என்பவற்றுக்குரிய சொற்களைச் சற்றே பிழையாக எழுதினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. படிப்பவர் புன்னகைத்துவிட்டுப் பொருளை ஊகித்துக்கொள்வார். காலத்தைக் குறிக்கும் சொற்கள் அத்தகையன அல்ல. அவற்றில் ஒன்றைத் தவறாகப் படித்தால் கடன் தவணை தவறும், விசா காலாவதியாகும், பிள்ளையின் விண்ணப்பம் திரும்பி வரும். நம் வீடுகளுக்கு வருகின்ற ஆங்கிலத் தாள்களைச் சிறிது எடுத்துப் பாருங்கள். வங்கிக் கடிதம், கல்லூரிச் சேர்க்கை அறிவிப்பு, வாடகை ஒப்பந்தம், வளைகுடாவிலிருந்து வரும் வேலை ஒப்பந்தம் ஆகிய அனைத்திலும் தொகைக்கு அடுத்தபடியாக முக்கியமானது காலம். அக்காலத்தைத் தாங்கி நிற்பவையோ இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களே.

தமிழில் நாம் கால எல்லையைச் சொல்லின் வாலில் கட்டுகிறோம். 'வெள்ளிக்கிழமையிலிருந்து', 'வெள்ளிக்கிழமை வரை', 'வெள்ளிக்கிழமைக்குள்', 'வெள்ளிக்கிழமையன்று' என்கிறோம். ஆங்கிலேயர் அதைத் தலையில் வைக்கின்றனர். மற்றபடி இரு மொழிகளின் எண்ணப் போக்கும் வெகு தூரமில்லை. நன்னூலார் ஏழாம் வேற்றுமையை விளக்கும்போது காலத்தையும் ஓர் இடமாகவே வைத்து எண்ணுகிறார். ஆங்கிலத்தின் 'இன்' என்னும் சொல்லும் அவ்வாறே பெட்டிக்குள்ளும் நிற்கும். ஜூன் மாதத்திற்குள்ளும் நிற்கும். தொல்லை எங்கே வருகிறதெனில், நம்முடைய ஒரு வாலுக்கு அவர்களிடம் இரண்டு தலைகளோ, அவர்களுடைய ஒரு தலைக்கு நம்மிடம் மூன்று வால்களோ இருக்கும் இடத்தில்தான்.

முதலில் 'ஃபார்', 'சின்ஸ்' என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். 'ஃபார்' கால நீளத்தைச் சொல்லும். 'சின்ஸ்' தொடங்கிய இடத்தைச் சொல்லும். எங்கள் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனின் சிலை 1970 முதல் நிற்கிறது. இங்கே 'சின்ஸ்' வரும். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது என்றால் 'ஃபார்' வரும். சிலையும் ஒன்றே, காலமும் ஒன்றே. ஆனால் ஒரு சொல் முளையைக் காட்டுகிறது. மற்றது கயிற்றின் நீளத்தைக் காட்டுகிறது.

'சின்ஸ் டூ இயர்ஸ்' என்று எழுதாத மாணவர் நம் பக்கத்தில் அரிது. தமிழில் 'ஆண்டுகளாக' என்பதும் 'ஆண்டிலிருந்து' என்பதும் வேறு வேறாகத்தானே இருக்கின்றன, பின் ஏன் இந்தக் குழப்பம் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் எளியது. 'ஃபார்' என்றால் 'க்காக' என்று தொடக்கப் பள்ளியிலேயே பிள்ளையின் நெஞ்சில் பதிந்துவிடுகிறது. அம்மாவுக்காக, தம்பிக்காக என்று பழகிய பிள்ளை, 'இரண்டு ஆண்டுகளாக' என்பதில் யாருக்காகவும் எதுவும் செய்யப்படவில்லையே என்றெண்ணி, அச்சொல்லை விட்டுவிட்டு 'சின்ஸ்' என்பதைப் பிடித்துக்கொள்கிறது. அரபு படித்த மாணவருக்கோ இன்னொரு வழியிலும் இப்பிழை வருகிறது. அரபியில் 'முன்து' என்னும் ஒரே சொல் 'வெள்ளிக்கிழமை முதல்' என்பதற்கும் வரும், 'இரண்டு ஆண்டுகளாக' என்பதற்கும் வரும். ஆகவே வளைகுடாவில் அரபு மேற்பார்வையாளரும் நம் ஊர்ப் பிள்ளையும் 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்று பேசிக்கொண்டால் இருவருக்கும் நன்றாகவே விளங்கிவிடும். இலண்டனிலிருந்து வந்த அதிகாரிக்குத்தான் காது உறுத்தும்!

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'இரண்டு ஆண்டு துபாயில் இருந்தார்', 'இரண்டு ஆண்டுகளாகத் துபாயில் இருக்கிறார்', 'இரண்டு ஆண்டுக்குத் துபாய் போகிறார்' ஆகிய மூன்றிலும் ஆங்கிலத்தில் 'ஃபார் டூ இயர்ஸ்' என்பதே வரும். தமிழ் வாலில் காட்டிய வேறுபாட்டை அங்கே வினைச்சொல்தான் காட்ட வேண்டும். 'லிவ்ட்' என்று வெறும் இறந்தகாலத்தில் எழுதினால், இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார் என்று பொருள். 'ஹேஸ் லிவ்ட்' என்று எழுதினால், இன்னும் அங்கேயே இருக்கிறார். வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் இப்போதும் பணிபுரியும் நிறுவனத்தைப் பற்றி, 'ஒர்க்ட் ஃபார் டூ இயர்ஸ்' என்று எழுதிவிட்டால், இவர் அந்த வேலையை விட்டுவிட்டார் என்றே படிப்பவர் கொள்வார். நம் தமிழ் 'இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் வேறு வாய்பாட்டில் சொல்கிறது என்பதை நினைவில் வைப்பது நலம்.

'டூரிங்' என்னும் சொல்லைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது 'எப்போது' என்பதற்கு விடை. 'எவ்வளவு நேரம்' என்பதற்கு விடையன்று. ரமளானின்போது, விடுமுறையின்போது, எங்கள் கரிசல் காட்டில் காற்றாலைகள் விடாது சுழலும் தென்மேற்குக் காற்றுக் காலத்தின்போது என்று பெயருள்ள ஒரு காலத்தின் முன் அது நிற்கும். எண்ணின் முன் நிற்காது. 'டூரிங் த்ரீ டேஸ்' என்பது பிழை.

இனி 'இன்', 'வித்தின்'. கயத்தாற்று மக்கள் அறிந்த வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். நாளைச் சொல்லும்போது 'ஆன்'. மாதத்தையோ ஆண்டையோ சொல்லும்போது 'இன்'. கோட்டை தாக்கப்பட்டு ஆறு வாரத்திற்குள் அனைத்தும் முடிந்துவிட்டது என்பதற்கு 'வித்தின் சிக்ஸ் வீக்ஸ்' வரும். எண்ணிப் பார்த்தால் இடைப்பட்டவை நாற்பத்தொரு நாட்களே. எல்லையைத் தாண்டவில்லை என்பதுதான் 'வித்தின்' சொல்லும் செய்தி.

'இன்' அதனினும் நுட்பமானது. ஹிஃப்ளு மதரசாவில் ஒரு பிள்ளை 'மூன்று ஆண்டு ஓதினான்' என்றால் 'ஃபார்' வரும். முடித்தானா என்பது அதில் இல்லை. 'மூன்று ஆண்டில் ஓதி முடித்தான்' என்றால் 'இன்' வரும், முடித்துவிட்டான். இவ்விடத்தில் தமிழும் ஆங்கிலமும் கைகோத்துச் செல்கின்றன. ஆனால் வருங்காலத்தைப் பற்றிப் பேசும்போது பிரிந்துவிடுகின்றன. 'ஒரு வாரத்தில் தருகிறேன்' என்று தையற்காரர் சொன்னால், நாம் நான்காம் நாளே போய்க் கேட்கிறோம். 'இன் எ வீக்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், ஏறத்தாழ ஏழாம் நாள் என்றுதான் கேட்பவர் கொள்வார். இடையில் எந்த நாளும் கிடைக்கலாம் என்பதற்கு அவர்கள் 'வித்தின் எ வீக்' என்பர். மருத்துவ அறிக்கை 'இன் டென் டேஸ்' கிடைக்கும் என்று எழுதியிருந்தால் மூன்றாம் நாள் பேருந்து ஏறிக் கோவில்பட்டிக்கோ திருநெல்வேலிக்கோ போய் நிற்பது வீண் செலவே.

'பை', 'டில்' இரண்டையும் பிரித்தறியக் கரிசல் விவசாயியிடம் கேட்டால் போதும். 'புரட்டாசிக்குள் விதைத்துவிட வேண்டும்' என்பார், இது 'பை'. 'மார்கழி வரை மழை இருக்கும்' என்பார், இது 'டில்'. ஒரு முறை நடந்து முடிவதற்குக் கெடு வைத்தால் 'பை'. நூல்போல நீண்டுகொண்டே போவதற்கு முடிவு காட்டினால் 'டில்', அல்லது 'அன்டில்'. ஐந்து மணிக்குள் வந்து சேருங்கள். ஐந்து மணி வரை அலுவலகம் திறந்திருக்கும். முன்னதை 'டில்' என்றோ பின்னதை 'பை' என்றோ மாற்றினால் சொற்றொடர் ஆங்கிலமாகவே இராது.

இந்த 'அன்டில்' எதிர்மறையோடு சேரும்போது நம்மவர் பலரை ஏமாற்றிவிடுகிறது. 'நாட் அன்டில் மண்டே' என்று கதவில் ஓர் அறிவிப்பு தொங்குகிறது. 'திங்கட்கிழமை வரை திறக்காது' என்று நாம் பெயர்த்துக்கொள்கிறோம். தமிழ்க் காதுக்குத் திங்களும் மூடியிருக்கும், செவ்வாய்தான் போகலாம் என்று தோன்றும். ஆங்கிலத்தில் அதன் பொருள், திங்களன்றுதான் திறக்கும் என்பது. சனி, ஞாயிறுதான் மூடல். திங்கட்கிழமை கடைசி நாளாக இருந்துவிட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

'ஃபார்', 'அன்டில்' இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு நாட்டின் வரலாற்றையே திருப்பியதுண்டு. நம் தமிழகம் அதற்குச் சாட்சி.

இந்திய அரசியலமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக வைத்தது. ஆயினும் சட்டம் தொடங்கிய நாளிலிருந்து பதினைந்து ஆண்டுக் காலத்திற்கு ஆங்கிலமும் தொடரும் என்றது. நீளத்திற்கு 'ஃபார்', தொடக்கத்திற்கு 'ஃப்ரம்'. அதற்குப் பின்னும் ஆங்கிலம் வேண்டுமென்றால் நாடாளுமன்றம் தனியே சட்டம் இயற்றலாம் என்று ஒரு வாசலும் வைக்கப்பட்டிருந்தது. முடிவு நாள் எழுதப்படவில்லை, எழுதத் தேவையுமில்லை. கூட்டிப் பார்த்தால் 1965 ஜனவரி 26. இந்தி பேசாத மக்கள் அந்நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தனர்.

1959 ஆகஸ்டில் பிரதமர் நேரு, இந்தி பேசாத மக்கள் விரும்பும் காலமெல்லாம் ஆங்கிலம் இருக்கும் என்ற கருத்தில் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம், பதினைந்து ஆண்டு கழிந்த பின்னும் ஆங்கிலம் 'தொடரலாம்' என்று மட்டும் சொல்லிற்று. 'தொடரும்' என்று ஏன் சொல்லவில்லை என்பது தமிழகத்தின் கேள்வி. குறித்த நாளுக்கு முதல் நாள், 1965 ஜனவரி 25 அன்று, மதுரையில் மூண்ட மோதல் மாநிலமெங்கும் பரவியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பிப்ரவரி 11 அன்று பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார். அதன்பின் 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வந்தது. அது என்ன செய்தது? இந்தியைத் தம் ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தலாம் என்று தீர்மானம் நிறைவேற்றி, அதைக் கருதிப் பார்த்து நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றும் வரை ஆங்கிலம் இருக்கும் என்றது. 'ஃபார்' நின்ற இடத்தில் 'அன்டில்' வந்து அமர்ந்தது. அவ்விதி இன்றும் நடைமுறையில் உள்ளது.

இரண்டும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். 'ஃபார்' என்பது சாவி கொடுத்த கடிகாரம். யாரும் தொடாவிட்டாலும் தானே ஓடித் தானே நின்றுவிடும். காலத்தை நீட்ட விரும்புகிறவர்தான் ஓடி அலைய வேண்டும். 'அன்டில்' என்பது பூட்டிய கதவு. அதைத் திறக்க விரும்புகிறவர்தான் சாவியைத் தேட வேண்டும். அலைச்சல் ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாறிவிடுகிறது.

நம் மார்க்கச் சட்டத்தை அறிந்த குடும்பத்தாருக்கு இது புதிதன்று. கணவனை இழந்த பெண்ணின் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அது 'ஃபார்' வகை. அவள் கருவுற்றிருந்தால் பிரசவம் ஆகும் வரை; அது 'அன்டில்' வகை. முன்னதற்கு நாட்காட்டி போதும். பின்னது ஒரு நிகழ்வை எதிர்பார்த்து நிற்கிறது. ஒரு நாளில் முடிந்தாலும் முடியும், எட்டு மாதம் நீண்டாலும் நீளும். வாடகை ஒப்பந்தத்தில் 'பதினொரு மாதத்திற்கு' என்று இருக்கிறதா, 'ஒரு தரப்பார் முன்னறிவிப்புக் கொடுக்கும் வரை' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதும் இதே கண் கொண்டுதான்.

எஞ்சியிருப்பது எல்லை நாளைப் பற்றிய கேள்வி. 'முதல்', 'வரை' என்று சொல்லும்போது அந்த முதல் நாளும் கடைசி நாளும் கணக்கில் சேருமா? ஃபிக்ஹு நூல்கள் இதை நெடுங்காலமாகவே ஆராய்ந்துள்ளன. அரபியில் 'இலா' என்னும் ஒரே சொல்தான் ஒளுவில் கையை முழங்கை வரை கழுவுவதற்கும், நோன்பை இரவு வரை நிறைவு செய்வதற்கும் வருகிறது. நான்கு மத்ஹபுகளிலும் முழங்கை சேர்த்தே கழுவப்படுகிறது. நோன்பிலோ சூரியன் மறைந்ததும் இஃப்தார், இரவு சேராது. சொல் ஒன்றாயினும் இடம் நோக்கியே எல்லை உள்ளே வருவதும் வெளியே நிற்பதும்.

ஆங்கிலச் சட்டத்தார் இந்த ஐயத்தை விதி போட்டே தீர்த்தனர். 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம், மத்தியச் சட்டங்களில் முதல் நாளை விலக்க 'ஃப்ரம்' என்றும் கடைசி நாளைச் சேர்க்க 'டு' என்றும் எழுதினால் போதும் என்கிறது. குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்தது. ஜூன் 1 அன்று பிறந்த குழந்தைக்கு அந்நாளை விட்டுவிட்டு எண்ணினால் ஜூன் 22 கடைசி நாள். அந்நாள் அலுவலக விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் செய்வதையும் அதே சட்டத்தின் 10ஆவது பிரிவு காலத்தில் செய்ததாகவே ஏற்கிறது. 21 நாள் தவறினாலும் பதியலாம். தாமதக் கட்டணமும், ஒரு மாதத்தைத் தாண்டினால் அதிகாரியின் எழுத்துவழி அனுமதியும் தேவைப்படும். அமெரிக்கர் இன்னும் ஒரு படி மேலே சென்று, கடைசி நாளும் உண்டு என்பதைக் காட்டவே 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்று தனிச் சொல் வைத்துள்ளனர். அமெரிக்க நிறுவனங்களின் தாள்களில் அதைக் காணலாம்.

பொதுவாக விசாத் தாள்களில் இரண்டு காலங்கள் அருகருகே இருக்கும். வழங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நுழைய வேண்டும் என்று ஒன்று. நுழைந்த நாளிலிருந்து 30 நாளுக்குத் தங்கலாம் என்று மற்றொன்று இருப்பதாகக் கொள்வோம். முன்னதில் 'வித்தின்', பின்னதில் 'ஃபார்'. இரண்டிலும் 'ஃப்ரம்' உண்டு. ஆனால் அவை வெவ்வேறு நாட்களைச் சுட்டுகின்றன. இரண்டையும் கூட்டித் தொண்ணூறு நாள் தங்கலாம் என்று எண்ணிவிடலாகாது. ஐம்பதாம் நாள் நுழைந்தவருக்கும் முப்பது நாள்தான்; ஐந்தாம் நாள் நுழைந்தவருக்கும் அதே முப்பதுதான். வேலை ஒப்பந்தத்தில் 'இரண்டு ஆண்டுக்கு' என்பதைப் படித்தவுடன் அடுத்து வரும் 'ஃப்ரம்' எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள். கையொப்பமிட்ட நாளா, அந்நாட்டில் இறங்கிய நாளா, பணியில் சேர்ந்த நாளா? மூன்றுக்கும் இடையே சில வேளை இரண்டு மூன்று மாதங்கள்கூட இருக்கும். விடுமுறைப் பயணச் சீட்டும் பணிக்கொடையும் அதை வைத்தே கணக்கிடப்படும். தாளில் அது தெளிவாக இல்லையெனில் கையொப்பமிடுமுன் கேட்டு, நாளைக் குறிப்பிட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.